தாகிர்பூர் ஓவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு டில்லியில், ஷாதராவைத் தாண்டினால் தாகிர்பூர். தொழுநோய் வந்து ஊரைவிட்டு வெளியேறியவர்கள் பல மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய காலனிகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை வளர்ந்தவள் நான். அம்மா, அப்பா இருவருக்கும் அந்த நோய் வந்து குணமானது. அந்தப் பன்னிரண்டு வருடங்களைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். ஓவியங்களைப் பார்க்க வரும் டில்லித் தமிழர்கள், ஆர்.கே. புரத்திலிருந்து வந்தாலும் மயூர் விகாரிலிருந்து வந்தாலும், கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நின்று பேச நேரம் கிடைக்காமல் போனவர்களுக்காக என் பதில்களை எழுதி வைக்கிறேன்.

விரல்களை ஏன் இப்படிக் குட்டையாக, மடங்கியவையாக வரைகிறீர்கள்?

அவை அப்படித்தான் இருந்தன. எங்கள் சந்தில் பத்து விரலும் முழுதாக இருந்த பெரியவர்கள் குறைவு. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பை நோய்க்கிருமி தாக்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொள்ளும். உணர்ச்சியும் போய்விடும். சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. புண் ஆறாமல் எலும்புவரை போய், விரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வலிக்காததால் யாரும் கவனிக்காமல் விட்ட காயங்கள்தான் விரலைக் கொண்டுபோகின்றன.

ஐந்து வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பால்பல் விழுவதுபோல, பெரியவளானால் விரலும் குட்டையாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். காலனிக்கு மருந்து கொடுக்க வரும் நர்ஸ் அக்காவின் விரல்கள் நீளமாக இருந்தன. "அந்த அக்கா இன்னும் பெரியவங்க ஆகலையாம்மா?" என்று கேட்டேன். அம்மா அன்றைக்கெல்லாம் சிரித்தாள், சந்து முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். 'நர்ஸ் அக்கா' என்ற ஓவியத்தில் அந்தப் பெண்ணின் விரல்கள் மட்டும் விநோதமாக, மூங்கில் குச்சிகளாக நீண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த இடத்தில் வித்தியாசமானவர் அவர் ஒருவர்தான்.

உங்களுக்கு அந்த நோய் வரவில்லையா? ஒட்டிக்கொள்ளாதா?

வரவில்லை. பரம்பரையாக வருவதும் இல்லை. கிருமியால் வருவது, அதை 1873-இல் நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கிப் பழகினால் மூச்சுக்காற்று வழியாகப் பரவலாம். ஆனால் பெரும்பாலானவர்களின் உடம்பு தானாகவே எதிர்த்துவிடும். கூட்டு மருந்து சாப்பிடத் தொடங்கிவிட்டால் அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவாது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ மருந்து, அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் 2005 முடிவில் நீங்கிவிட்டதாக அறிவித்தார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பது அதன் கணக்கு. ஆனாலும் இன்றைக்கு உலகத்தில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். உடம்பில் எங்காவது வெளுத்தோ சிவந்தோ ஒரு படை இருந்து, அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை என்றால் தேமல் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். சீக்கிரம் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் விரல் மடங்காது.

உங்கள் பெற்றோர் டில்லிக்கு எப்படி வந்தார்கள்?

அப்பா திண்டிவனம் பக்கம். வாலிப வயதில் கை மடங்கியது. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் அவருக்கு வலது கையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நன்றாக வேலை செய்யும் ஒரு தசைநாரை இடம் மாற்றித் தைத்து, செயலிழந்த விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை அது. பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1940-களின் கடைசியில் வேலூரில் தொடங்கி வைத்தது. தைத்த பிறகு அந்தத் தசைக்குப் புது வேலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், வாரக்கணக்கில் பயிற்சி. அப்பாவின் வலது கை பேனா பிடித்தது, இடது கை கடைசிவரை மடங்கியே இருந்தது. அவர் உருவத்தை எங்கே வரைந்தாலும் இரண்டு கைகளையும் வேறு வேறு ஆட்களுடையவைபோல வரைவேன்.

கை நிமிர்ந்த பிறகும் ஊர் அவரைச் சேர்க்கவில்லை. தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், நீ இருந்தால் அமையாது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி, தெரிந்தவர் யாருமே இல்லாத இடம் வேண்டும் என்று டில்லியில் வந்து இறங்கினார்.

அம்மா தர்மபுரி பக்கம். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் முதுகில் படை தெரிந்தது. ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருந்தார்கள், 2019-இல்தான் அதை நீக்கினார்கள். தொழுநோயாளிகளைப் பிடித்துத் தனியே அடைத்து வைக்க அதிகாரம் தந்த 1898-ஆம் வருடச் சட்டம் 2016 வரை உயிரோடு இருந்தது. அம்மாவுக்குச் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை, மாமியார் வாசலில் வைத்த பெட்டியே போதுமானதாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் சந்தித்தது தாகிர்பூரில். சாதி, ஜாதகம் என்று யாரும் கேட்கவில்லை. காலனிப் பிரதானும் பக்கத்து வீட்டு வங்காளத்து மாஷியும் சேர்ந்து நடத்தி வைத்த கல்யாணம்.

அப்பா அம்மா பிச்சை எடுத்ததை எல்லோரும் பார்க்க வரைந்து மாட்டுவது சரியா?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். சத்தமாகவே கேட்கலாம்.

செவ்வாய்க்கிழமை கன்னாட் பிளேஸ் அனுமார் கோயில். சனிக்கிழமை சனி பகவானுக்காக எண்ணெயும் காசும் போடும் தெருமுனைகள். மற்ற நாட்களில் அப்பா காலனித் தறியில் நெய்தார், அம்மா நூல் சுற்றினாள். தறியில் வருவது அரிசிக்குக்கூடக் காணாது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் கையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அதே கையைப் பார்த்துத்தான் கோயில் வாசலில் காசு போட்டார்கள். அப்பாவுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது.

'செவ்வாய் இரவு' ஓவியத்தில் இருப்பது வீட்டுக்குள் நடப்பது. தரையில் கொட்டிய சில்லறையை அவர்களால் பொறுக்க முடியாது. வழவழப்பான தரையிலிருந்து ஒரு காசை எடுக்க விரல் நுனி வேண்டும். அதனால் எடுத்து அடுக்குவது என் வேலை. ஐந்து பைசா, பத்து பைசா, நாலணா என்று தனித்தனி அடுக்காக. நான் கூட்டல் படித்தது அந்தத் தரையில்தான். அப்பா தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றி எண்ணச் சொல்வார், தப்பினால் முதலிலிருந்து. மூன்று பேரும் குனிந்திருக்க, நடுவில் அந்த அடுக்குகள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பயம் இருந்தது, அதையும் வரைந்திருக்கிறேன். 1959-இல் பம்பாய்க்காகப் போட்ட பிச்சை ஒழிப்புச் சட்டத்தை டில்லிக்கும் நீட்டித்திருந்தார்கள். திடீரென்று வேன் வரும், ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்பா இரண்டு நாள் திரும்பாத ஒரு வாரம் எனக்கு நினைவிருக்கிறது. டில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் அந்தச் சட்டத்தின் தண்டிக்கும் பிரிவுகளை டில்லியைப் பொறுத்தவரை செல்லாது என்றது. செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மா, "அப்பாவுக்குச் சொல்ல முடியலையே" என்றாள். அந்த வாரத்தின் ஓவியத்தில் வேன் கிடையாது. கதவு, கதவுக்கு இந்தப் பக்கம் எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி. உணர்ச்சியில்லாத பாதத்துக்காக மெத்தென்ற ரப்பரில் செய்யும் அந்தச் செருப்பு இல்லாமலே அவரைக் கொண்டுபோயிருந்தார்கள்.

'டார்ச்' ஓவியத்தில் அந்தக் குழந்தை எதைத் தேடுகிறது?

காயத்தை. இந்த வரிசையில் எனக்கு மிகவும் வேண்டிய ஓவியம் அது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு இரவும் அம்மாவும் அப்பாவும் கால்களை வாளித் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஊறியதும் தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுவார்கள். வேர்க்காத பாதம் வறண்டு வெடிக்கும், வெடிப்பு புண்ணாகும், அதைத் தடுக்கத்தான் இவ்வளவும். இதன் நடுவே ஒரு சோதனை உண்டு: உள்ளங்காலில் முள் ஏறியிருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா, எங்காவது சூடாக இருக்கிறதா? தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கஷ்டம். கையால் தடவிப் பார்த்தால் கைக்கும் தெரியாது. ஆகவே என்னிடம் டார்ச்சைக் கொடுப்பார்கள். நான் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். "இங்க சுடுதும்மா" என்றால் மறுநாள் அம்மா அந்தக் காலுக்கு ஓய்வு கொடுப்பாள். சூடு என்றால் உள்ளே புண் கட்டுகிறது என்று அர்த்தம்.

ஒருமுறை அப்பாவின் குதிகாலில் ஒரு ஆணி. செருப்பைத் துளைத்து உள்ளே ஏறியிருந்தது. பகல் முழுக்க அதோடு நடந்திருக்கிறார். நான் அழுதேன். அவர் வலிக்காத காலை நீட்டிக்கொண்டு, அழுகிற என்னைச் சமாதானம் செய்தார். அவர்களுடைய உடம்பின் வலி என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. குழந்தையிடம் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இத்தனை நிதானமாக, ஒரு அங்குலம் விடாமல் பார்க்கப் பழகியது அந்த உள்ளங்கால்களில்தான். கல்லூரியில் உருவப்படம் வரையச் சொல்லிக் கொடுத்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

எல்லா ஓவியத்திலும் ஒரு பூனை இருக்கிறதே?

தூங்கும்போது எலி விரலைக் கடித்தால் தெரியாது. ஆகவே வீட்டுக்கு வீடு பூனை.

இவ்வளவு துயரமான சிறுவயதை ஏன் இத்தனை பளிச்சென்ற நிறங்களில் வரைகிறீர்கள்?

துயரமான சிறுவயது என்று நான் எங்கும் எழுதவில்லை. காட்சிக்கூடத்துச் சுவரிலும் எழுத விடவில்லை.

துயரம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருந்தது. அவர்களுக்கு ஊர் இருந்து போனது, உறவு இருந்து போனது. எனக்கு எதுவும் போகவில்லை. நான் கண் திறந்ததே அந்தச் சந்தில். தமிழ், தெலுங்கு, ஒடியா, வங்காளி, இந்தி எல்லாம் ஒரே குழாயடியில். ஹோலிக்குச் சாயம், பொங்கலுக்கு எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல், துர்கா பூஜைக்கு மாஷி வீட்டு லூச்சி. பெண் குழந்தை இல்லாத வீடுகளும் குழந்தையே இல்லாத வீடுகளும் என்னைத் தூக்கி வளர்த்தன. அந்தக் குழந்தை பார்த்ததை, அது பரிதாபப்பட வேண்டிய விஷயம் என்று யாரோ அதற்குச் சொல்லுமுன் இருந்தபடியே வரைவதுதான் என் வேலை. சாம்பல் நிறத்தில் வரைந்தால் அது உங்கள் கண்ணாகிவிடும்.

நிறத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து எண்பதுகளின் நடுவில் எங்கள் காலனிக்கு வந்தது. அதிலிருந்த ஒரு மாத்திரை, குளோஃபசிமின், தோலைச் செம்பழுப்பாக்கும். ஒரே வருடத்தில் சந்தில் பாதிப் பேர் நிறம் மாறினார்கள். மருந்தை நிறுத்திய பின் மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பியது. என் ஓவியங்களில் வரும் அந்தச் செம்மண் நிறத் தோல் கற்பனையில் வந்தது என்று எழுதினார் ஒருவர். அது மாத்திரையின் நிறம், குணமாகிக்கொண்டிருந்தவர்களின் நிறம்.

நீங்கள் வரைவதெல்லாம் அப்படியே நடந்தவையா?

ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தவை. முதலில் காலனியின் வரைபடத்தைப் போட்டுக்கொள்வேன்: குழாய் எங்கே, தறிக்கூடம் எங்கே, அரச மரம் எந்தப் பக்கம். இடம் சரியாக அமைந்துவிட்டால் ஆட்கள் தாமாக அதில் வந்து நிற்பார்கள். பிறகு அம்மாவிடமும் என்னோடு வளர்ந்தவர்களிடமும் காட்டுவேன். அரச மரம் அல்ல, வேப்ப மரம் என்கிறாள் அம்மா. என் தோழி மரமே இல்லை, கம்பம்தான் என்கிறாள். மூன்றையும் மூன்று ஓவியங்களில் வைத்திருக்கிறேன். ஆனால் காயம், சட்டம், மருந்து, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பவற்றில் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில்லை. கேட்டு உறுதி செய்யாமல் வரைவதில்லை.

மற்றவர்களின் முகங்களை வரைய அனுமதி வாங்கினீர்களா?

வாங்கினேன். மறுத்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்த இடத்தில் காலனி விஷயமே தெரியாது என்றால் எப்படி வரைவது? அவர்கள் முதுகைக் காட்டி நிற்கிறார்கள், அல்லது கதவுக்குப் பின்னால் புடவைத் தலைப்பாக மட்டும் இருக்கிறார்கள். இறந்துபோனவர்களுக்கு அவர்கள் பிள்ளைகளைக் கேட்டேன். அப்பா உயிரோடு இருந்தபோதே, "என்னை வரை, ஆனா மீசையோட வரை" என்று சொல்லிவிட்டார்.

எதில் வரைகிறீர்கள்?

கைத்தறிக் காடாத் துணியில். காலனித் தறிகளில் கட்டுப் போடும் துணியும் படுக்கை விரிப்பும் நெய்தார்கள், கைக்குப் பழகிய துணி அது. வச்சிரப் பசையும் சுண்ணாம்புத் தூளும் கலந்து பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே நீர்வண்ணம் குழைத்துப் போடுகிறேன். கோடு தடிமனாக இருப்பது அம்மாவின் கோலத்திலிருந்து வந்தது. இரண்டு விரலால் மாவு விட அவளால் முடியாது. பிடி நிறைய எடுத்து, மூடிய கையின் அடிவழியே விடுவாள். எங்கள் வாசல் கோலத்தின் கோடு கட்டைவிரல் அகலம்.

பிரஷைக் கையோடு கட்டிக்கொண்டு வரைந்து பார்த்தீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டேன். என் விரல்கள் நன்றாக இருக்கின்றன. இல்லாத குறையை நடிப்பது அவர்களை அவமதிப்பது.

யாரிடமிருந்து கற்றுக்கொண்டீர்கள்?

இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். பெர்லினில் பிறந்த யூதப் பெண் சார்லோட் சாலமன். நாஜிகளிடமிருந்து தப்பித் தெற்குப் பிரான்சில் தஞ்சம் புகுந்திருந்தபோது, 1941, 1942 வாக்கில், தன் குடும்பக் கதையை எழுநூற்றுக்கும் மேற்பட்ட சிறிய ஓவியங்களாக வரைந்தார். 1943-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது வயது 26. வீட்டுக்குள் மூடி வைத்த விஷயங்களை, படத்தோடு எழுத்தையும் சேர்த்து, அத்தனை துணிச்சலாக வேறு யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. இன்னொருவர் பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர். கணக்குத் தணிக்கையாளராக வேலை பார்த்துக்கொண்டே முடிதிருத்துபவரையும் கடிகாரம் பழுது பார்ப்பவரையும் ராஜாக்களுக்குக் கொடுக்கும் இடத்தில் வைத்து வரைந்தவர். டில்லியில் தேசிய நவீன கலைக்கூடம் இருக்கும் ஜெய்ப்பூர் ஹவுஸுக்குப் போகும்போது அவர் படம் ஏதாவது சுவரில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நோய் வந்து மீண்டவர்களே வரைந்ததையும் பாருங்கள். செங்கல்பட்டுப் பக்கம் பாரதபுரத்தில் 2005-இல் தொடங்கிய பிந்து ஓவியப் பள்ளியில், அதுவரை பிரஷையே தொடாத முதியவர்கள் வரைந்திருக்கிறார்கள். என்னுடையது மகளின் பார்வை. அவர்களுடையது அவர்களுடைய பார்வை. என் படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமல் விட்டால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள்.

ஏன் பன்னிரண்டு வயதோடு நின்றுவிடுகிறது?

அந்த வயதில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்குப் போனேன். காலனிப் பிள்ளை என்று தெரிந்தால் சேர்க்க மாட்டார்கள் என்பதால், முகவரியில் தில்ஷாத் கார்டன் என்று எழுதச் சொன்னாள் அம்மா. என்னைக் கொண்டுவிட வந்தபோது இரண்டு கைகளையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். கோடைக்காலம். அன்றைக்குத்தான் அந்தக் கைகளை மற்றவர்கள் பார்ப்பதுபோல நான் முதல் தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த வருடங்கள் வேறு வரிசை. அதை வரைய வேறு நிறங்கள் வேண்டும், இன்னும் தொடங்கவில்லை.

ஓவியங்களை வாங்கலாமா?

சிலவற்றை வாங்கலாம். 'டார்ச்', 'செவ்வாய் இரவு', 'நர்ஸ் அக்கா' மூன்றும் விற்பனைக்கு இல்லை, அவை அம்மாவுக்கு. விற்கும் தொகையில் ஒரு பங்கு, படத்தில் இருப்பவர்களுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ போகும். எவ்வளவு என்பதை அவர்களோடு பேசித்தான் முடிவு செய்கிறேன். பள்ளிப் பாடத்துக்கும் மருத்துவமனைச் சுவருக்கும் அச்சிட்டுக்கொள்ளப் பணம் வேண்டாம். ஒரே நிபந்தனை: கைகளை மட்டும் வெட்டி எடுத்துப் போடக் கூடாது. முகத்தோடு சேர்த்து அச்சிடுங்கள்.